‘யூ டிரைவ் எ ஹார்ட் பார்கெய்ன்’: 4,500 ரூபாய் கட்டிப் படித்த பிசினஸ் இங்கிலீஷ் வகுப்பு எப்படி?

போன மாதம் முடித்த ஆன்லைன் பிசினஸ் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஆறு வாரம், வாரத்துக்கு நாலு நாள், ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை ஜூமில் நடக்கும். கட்டணம் 4,500 ரூபாய். கூடவே ஒரு வாட்ஸ்அப் குரூப், 120 ஆங்கில மரபுத்தொடர்கள் கொண்ட ஒரு பி.டி.எஃப், கடைசியில் தங்கக் கலர் பார்டர் போட்ட ஒரு சான்றிதழ். நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை, குறையும் நிறைய சொல்லப்போகிறேன், எதற்கு வம்பு. இந்த மாதிரி வகுப்புகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவைதான், அதனால் வேறு எங்கே சேர நினைக்கிறவர்களுக்கும் இது உதவும்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லாமல் விமர்சனம் எழுதினால் அர்த்தமில்லை.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், பதினோரு வருஷம். பையர் மெயிலுக்குப் பதில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, விலை பேசுவது, அப்புறம் டெலிவரி தள்ளிப்போனால் திட்டு வாங்குவது, இதுதான் வேலை. 2024 தொடக்கத்தில் இங்கிலாந்து பையர் ஒருவரிடமிருந்து 12,000 பீஸ் ரவுண்ட் நெக் டி-ஷர்ட் ஆர்டர் பேச்சில் இருந்தது. 180 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி துணி, மார்பில் சின்னதாக ஒரு பிரிண்ட். அவர் டார்கெட் விலை பீஸுக்கு 2.30 டாலர். நாங்கள் சொன்னது 2.55. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் போட்டுத் தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றுகிற வரைக்கும் கணக்குப் பார்த்தால் 2.40க்குக் கீழே போனால் கட்டுப்படியாகாது. நாலு நாள் மெயில் போனது, வந்தது. கடைசியாக 2.42, இதுக்கு மேல் முடியாது என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஒரே ஒரு வரி பதில்: யூ டிரைவ் எ ஹார்ட் பார்கெய்ன். பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஹார்ட் என்றால் கடினம். ரொம்பக் கடினமாகப் பேசுகிறீர்கள் என்று ஆள் கோபப்படுகிறார், சிரிக்கிற பொம்மை போட்டு மரியாதையாகக் கழற்றிவிடப் போகிறார் என்று நினைத்தேன். ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விடும் என்கிற பயம் எங்கள் லைனில் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியது. பத்தே நிமிஷத்தில், தவறாக நினைக்க வேண்டாம், உங்களுக்காக 2.38க்குச் செய்து தருகிறோம் என்று எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது, நன்றி, பெரிய மனசு என்கிற அர்த்தத்தில். மறுநாள் பி.ஓ, அதாவது பர்ச்சேஸ் ஆர்டர், வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை, போக இருந்த ஆர்டரைப் பிடித்து நிறுத்திவிட்டேன் என்று.

இரண்டு நாள் கழித்து முதலாளியின் மகள் அந்த மெயில் வரிசையைப் படித்தார். வெளிநாட்டில் படித்து வந்தவர். படித்துவிட்டுச் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, ‘ஏப்பா, அவன்தான் ஒத்துக்கிட்டானேப்பா, நீ எதுக்கு மறுபடியும் எறக்குன?’ என்றார். பீஸுக்கு 4 சென்ட், 12,000 பீஸ், 480 டாலர். அன்றைய ரேட்டில் கிட்டத்தட்ட நாற்பதாயிரம் ரூபாய். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆக, நான் இந்த வகுப்பை அளக்கிற அளவுகோல் ஒன்றுதான்: அந்த மெயில் வருவதற்கு முன்னால் இதில் சேர்ந்திருந்தால் அந்த நாற்பதாயிரம் தப்பியிருக்குமா?

நேர்மையாகச் சொன்னால், பி.டி.எஃப்பை மட்டும் படித்திருந்தால் தப்பியிருக்காது. 37ஆவது வரிசையில் இந்தத் தொடர் இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் தமிழ்: கடுமையாகப் பேரம் பேசு. உதாரண வாக்கியம், எங்கள் மேனேஜர் கடுமையாகப் பேரம் பேசுபவர் என்று. அவ்வளவுதான். அர்த்தம் தப்பே இல்லை, அகராதியிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் யார், யாரைப் பார்த்து, எந்த நேரத்தில் சொல்வார்கள் என்பது அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொன்னால், அந்த அம்மா கறாரானவர், லேசில் இறங்கி வர மாட்டார் என்று அர்த்தம், பாராட்டாகவும் இருக்கலாம், எரிச்சலாகவும் இருக்கலாம், குரலைப் பொறுத்தது. எதிரே இருக்கிறவரைப் பார்த்து, அதுவும் அவர் கடைசி விலை சொன்ன பிறகு சொன்னால், பெரும்பாலும் அது தோற்றவன் ஜெயித்தவனுக்குப் போடுகிற சலாம். ஒத்துக்கொள்கிறேன், ஆனால் லேசில் விடவில்லை நீங்கள், என்கிற தொனி. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது அபூர்வம், சொன்னால் தம்பட்டம் அடிக்கிற மாதிரி இருக்கும். வகுப்பில் ஒரு பையன் வேலைக்கான அறிமுகப் பேச்சில் இதைத் தன்னைப் பற்றிச் சொல்லிப் பழகினான், பாடம் எடுத்த மேடம் ‘சூப்பர்’ என்றார். எனக்குச் சுருக்கென்றது.

டிரைவ் என்பது அங்கே வண்டி ஓட்டுவதே இல்லை. ஆங்கிலத்தில் மாட்டை விரட்டி ஓட்டுவதற்கும் அந்தச் சொல்தான், ஆணியை அடித்து இறக்குவதற்கும் அந்தச் சொல்தான். தள்ளி, முட்டி, கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. பேரத்தை இப்படி ஓட்டுகிற வழக்கம் எவ்வளவு பழசு என்றால், பிலிப் சிட்னி என்கிற கவிஞரின் காதல் கவிதை ஒன்றில் ஒரு பெண், அவன் இதயம் என்னிடம், என் இதயம் அவனிடம், இந்த மாதிரி நல்ல பேரம் நடந்ததே கிடையாது என்று சொல்கிற இடத்தில் இதே டிரைவ் வருகிறது. சிட்னி செத்துப்போனது 1586இல். கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டது 1886இல். நடுவில் முந்நூறு வருஷம். இதை நான் வகுப்புக்கு வெளியே தேடிப் பிடித்தேன். வகுப்பில் காட்டிய ஸ்லைடில் ஸ்டீயரிங் பிடித்தபடி கோட்டு போட்ட ஒருத்தர் படம்.

சரி, அப்புறம் எப்படித்தான் புரிந்தது? கூடப் படித்த ஒருத்தரால். கரூர்ப் பக்கம் பழைய கார் வாங்கி விற்கிறவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கேமராவை ஆன் பண்ணவே மாட்டார். மூன்றாவது வாரம் என் கதையை வகுப்பில் சொன்னேன், மானம் போனாலும் பரவாயில்லை என்று. மேடம் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். கரூர்க்காரர் மைக்கைப் போட்டுத் தமிழில் சொன்னார்: ‘இதுல என்ன இருக்குதுங்க, ஜவுளிக்கடைக்காரன், உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியாதுக்கா, எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிக்கிட்டே சேலைய மடிச்சுக் கவர்ல போடுவானே, அதுதானுங்க.’

அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் எதற்கு. கடைக்காரன் அப்படிச் சொல்லி மடிக்கும்போது, ஐயோ பாவம், இன்னும் நூறு ரூபாய் கூட வைத்துக்கொள் என்று எந்த அக்காவாவது சொல்வாரா? நான் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தில்.

இதுதான் இந்த வகுப்பின் பெரிய குறை என்று நினைக்கிறேன். நம்மிடம் பேரத்துக்குப் பாஷை இல்லாத மாதிரி ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் இறக்கிவைக்கிறார்கள். ‘ஸ்ப்ளிட் தி டிஃபரன்ஸ்’ என்பதற்கு அந்த பி.டி.எஃப்பில் ‘வேறுபாட்டைப் பிரி’ என்று போட்டிருக்கிறது. யாருக்காவது புரியுமா? உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், நடுவில் முடித்துக்கொள்ளலாம் என்று எந்தச் சந்தையிலும் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிறதே, அதுதான் அது. கத்தரிக்காய்க்காரர் 60 என்கிறார், நீங்கள் 50 என்கிறீர்கள், 55 ஆகிறது. ‘பால்பார்க் ஃபிகர்’ என்றால் குத்துமதிப்பு. ‘டீல் பிரேக்கர்’ என்றால், அந்த ஒரு விஷயம் ஒத்துவராவிட்டால் மற்றதெல்லாம் பேசி வேலையில்லை. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் ஆறு வாரப் பாடம் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும், ஒருவேளை அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

‘மீட் ஹாஃப்வே’யையும் ‘ஸ்ப்ளிட் தி டிஃபரன்ஸ்’ஸையும் அந்த பி.டி.எஃப்பில் ஒன்று என்று போட்டிருப்பது வெறும் மொழிபெயர்ப்புப் பிழை இல்லை, பணப் பிழை. முதலாவது, நானும் கொஞ்சம் இறங்குகிறேன், நீயும் கொஞ்சம் ஏறி வா என்பது. அது விலையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, விலை அப்படியே இருக்கட்டும், பதினைந்து நாள் டெலிவரி டைம் கூடக் கொடு என்றாலும் அதுதான். இரண்டாவது சுத்தமான கணக்கு, இரண்டு எண்ணைக் கூட்டி இரண்டால் வகு. அதில் ஒரு பொறி இருக்கிறது. யார் முதலில் தூரத்தில் போய் நின்றுகொள்கிறானோ அவன் பக்கம்தான் நடு வரும். 2.30க்கும் 2.55க்கும் நடு 2.42 சொச்சம். அதே பையர் ஆரம்பத்திலேயே 2.10 என்று அடிமாட்டு விலை கேட்டிருந்தால் நடு 2.32 சொச்சமாகியிருக்கும், நியாயமாக நடுவில் முடித்தோம் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு நஷ்டத்துக்குத் தைத்துக் கொடுத்திருப்போம். வகுப்பில் நான் இதைக் கேட்டபோது மேடம், ‘அது பிசினஸ் சார், நாம லாங்குவேஜ் மட்டும் பார்ப்போம்’ என்றார். பிசினஸ் இங்கிலீஷில் பிசினஸ் கிடையாதாம்.

திட்டிக்கொண்டே போகக்கூடாது. நாலாவது வாரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அந்த வாரம் முழுக்க இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிட்டு விலை பேச வைத்தார்கள். ஒருவர் பையர், ஒருவர் சப்ளையர், ஆளுக்கு ஒரு ரகசியச் சீட்டு, அதில் எதுவரை இறங்கலாம் என்று எழுதியிருக்கும். எனக்கு ஜோடி கரூர்க்காரர். நான் விலையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நெட் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். பதில் இல்லை. சரி சார், இன்னும் ரெண்டு பர்சன்ட் குறைச்சுக்கலாம் என்று நானே சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவர், ‘நெட்டெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது’ என்றார்.

மேடம் இந்த இடத்தில் ஜொலித்தார், சொல்லியே ஆக வேண்டும். முன்னால் கால் சென்டரில் பல வருஷம் இருந்தவராம். விலை சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்வதுதான் பேரத்திலேயே கஷ்டமான பகுதி, நம் ஆட்கள் ஆங்கிலத்தில் பேசும்போது மௌனம் வந்தால் நம் இங்கிலீஷ்தான் தப்போ என்று பயந்து அதை நிரப்பப் பார்க்கிறோம், நிரப்புகிற ஒவ்வொரு சொல்லும் ஒரு சலுகை என்றார். ஆறு வாரத்தில் 4,500 ரூபாய்க்குப் பெறுமானமான ஒரு நிமிஷம் அதுதான்.

எனக்கு உடனே தாத்தா ஞாபகம் வந்தார். காங்கேயம் மாடுகளுக்குப் பேர் போன கண்ணபுரம் தேர்த்திருவிழாச் சந்தைக்குச் சின்ன வயதில் கூட்டிப்போயிருக்கிறார். சித்திரை வெயில், மணிச் சத்தம், சாண வாசனை, எங்கே பார்த்தாலும் பூச்சிக்காளைகள், அதாவது பொலிகாளைகள். அங்கே விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தரகரும் வாங்க வந்தவரும் கையைக் கொடுத்துக்கொள்வார்கள், அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள், துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். வெளியே நிற்கிற எங்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். வாய் வேறு எதையோ பேசும், மழை இல்லை, சோளத்தட்டு விலை ஏறிப்போச்சு, இப்படி. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒருத்தர் கையை வெடுக்கென்று உருவினால் படியவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஆளின் பேரன், ஒரு சிரிக்கிற பொம்மையைப் பார்த்துப் பயந்து நாற்பதாயிரத்தை விட்டிருக்கிறேன்.

ஐந்தாவது வாரத்தில் மறுபடி பழைய குருடி. ‘டேபிள்’ என்கிற வினைச்சொல் வந்தது, ஒரு விஷயத்தை ஒத்திவைப்பது என்று மேடம் சொன்னார். அமெரிக்காவில் சரி. இங்கிலாந்தில் நேர் எதிர், பேச்சுக்கு எடுத்து முன்னால் வைப்பது. நம் நாட்டுப் பத்திரிகைகளும் இங்கிலாந்து வழிதான், மசோதா பேரவையில் தாக்கல் என்று நாம் படிக்கிற செய்தி ஆங்கிலப் பேப்பரில் இந்த டேபிளோடுதான் வரும். இரண்டாம் உலகப் போர் பற்றிய தன் வரலாற்று நூலில் சர்ச்சில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஒரு அறிக்கையை அவசரமாக விவாதிக்க விரும்பி இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்களாம், அமெரிக்கர்களோ அதைத் தூக்கி டிராயரில் போட்டு மறந்துவிடச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்களாம், ரொம்ப நேரம் காரசாரமாகச் சண்டை போட்ட பிறகுதான் இரண்டு தரப்பும் கேட்பது ஒன்றுதான் என்று தெரிந்ததாம். எங்கள் கம்பெனியில் இரண்டு நாட்டுப் பையர்களும் இருக்கிறார்கள். நான் இதைச் சாட்டில் எழுதினேன். மேடம் ‘குட் பாயிண்ட்’ என்றார், ஸ்லைடை மாற்றவில்லை.

அதைவிட மோசம் ‘ஹார்ஸ் டிரேடிங்’. அந்த பி.டி.எஃப்பில், சாமர்த்தியமாகப் பேரம் பேசுதல், உதாரணம்: நாங்கள் எங்கள் சப்ளையருடன் ஹார்ஸ் டிரேடிங் செய்தோம். அமெரிக்காக்காரன் படித்தால் ஒன்றும் நினைக்க மாட்டான், குதிரை வியாபாரிகளின் சூட்டிப்புக்கு அங்கே வந்த பேர் அது. நம் ஊரில் இதை ஒரு சப்ளையருக்கு எழுதிப் பாருங்கள். குதிரை பேரம் என்றாலே நமக்கு எம்.எல்.ஏ.க்களை பஸ்ஸில் ஏற்றி ரிசார்ட்டில் அடைக்கிற காட்சிதான் கண்ணில் வரும். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தும் நிற்காத வியாபாரம் அது. தமிழ் செய்தித்தாள்கள் இந்த ஆங்கிலத் தொடரை அப்படியே மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு, நமக்கே சொந்தமான மாதிரி ஆக்கிவிட்டன. உண்மையில் நமக்குச் சொந்தமான குதிரைக் கதை வேறு. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் காரியத்துக்குச் செலவழித்துவிட, ஈசனே நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிவந்து ஒப்படைத்ததும், ராத்திரி அத்தனையும் பழையபடி நரியாகி ஊளையிட்டதும். சரக்கு டெலிவரி ஆன பிறகு தரத்தில் புகார் என்று எடுத்துக்கொண்டால், எங்கள் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான கதை கிடையாது.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டிங் ஏழு நாள்தான் இருக்கும், அப்புறம் அழிந்துவிடும், சேரும்போது இதைச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் பாதி குட் மார்னிங் படம். வீட்டுப்பாடம் எல்லாம் கோடிட்ட இடத்தை நிரப்புக, அது எட்டாவது பரீட்சைக்கே போதும். சான்றிதழில் என் இனிஷியல் தப்பு, திருத்தித் தரச் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. நேரத்துக்கு வகுப்பு ஆரம்பித்தது, ஒருநாள்கூட ரத்து ஆகவில்லை, அதைப் பாராட்ட வேண்டும். மேடம் யாரையும் கிண்டல் செய்யவில்லை, தப்புத் தப்பாகப் பேசினாலும் கடைசி வரை கேட்பார், கூச்சம் போவதற்கு அது ரொம்ப முக்கியம்.

5க்கு 3 கொடுப்பேன். அந்த மூன்றில் ஒன்று கரூர்க்காரருக்கு. சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே அவர் மாதிரி ஏதாவது வியாபாரம் செய்கிற ஆள் வகுப்பில் இருக்கிறாரா என்று பார்த்து நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பி.டி.எஃப்பை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு தொடரையும் பார்த்து, இதை நம் ஊரில் எந்தக் கடையில் எப்படிச் சொல்வார்கள் என்று பக்கத்தில் பேனாவால் எழுதிப் பாருங்கள், எழுத வரவில்லை என்றால் அந்தத் தொடர் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

போன வாரம் அட்வான்ஸ்டு லெவல் சேரச் சொல்லி அவர்கள் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். 6,500 ரூபாயாம். 5,000 என்றால் யோசிக்கலாம் என்றேன். ‘சார், 6,000 சார், பழைய ஸ்டூடண்ட்ங்கறதால’ என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. டைனிங் டேபிளில் இருந்த கடலை பாக்கெட்டைப் பிரித்தேன். ‘சார், லைன்ல இருக்கீங்களா சார்?’ இருக்கேன்மா என்றேன், மறுபடி ஒன்றும் பேசவில்லை. ஐந்து, ஆறு கடலை தின்றிருப்பேன். ‘உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது சார், சரி, அஞ்சாயிரமே கட்டிடுங்க’ என்றார்.

இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. பணமும் இன்னும் கட்டவில்லை, 37ஆம் வரிசையைத் திருத்திவிட்டார்களா என்று கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன், இரண்டு நீல டிக் விழுந்து நாலு நாள் ஆகிறது.